வோல்ற்றும் அம்பியரும் அளந்து தடையும் வலுவும் காண்பது: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் மின்சாரத்தைப் பற்றிய முறைப்பாடு பெரும்பாலும் இரண்டு வசனத்துக்குள் முடிந்துவிடும். ஒன்று, "வோல்ற்றேஜ் காணாது". மற்றது, "வயர் சூடாகுது". இரண்டும் நியாயமான முறைப்பாடுகள்தான். ஆனால் எவ்வளவு காணாது, எந்த இடத்தில் எவ்வளவு சூடு என்று கேட்டால் பதில் வராது. அந்தப் பதிலைக் கண்டுபிடிக்கப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் காணும். புதிதாகக் கிணற்று மோட்டர் வாங்கப் போகிறவர், சோலாரும் பற்றறியும் பூட்ட நினைக்கிறவர், வயரிங் வேலை பழகத் தொடங்கியிருக்கிற பெடியன், சாதாரண தரத்துக்கு ஓமின் விதியைப் பாடமாக்கிவிட்டு அதை எங்கே பாவிப்பது என்று தெரியாமல் இருக்கிற பிள்ளை, இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முழுக் கட்டுரைக்கும் அடிப்படையாக ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். வோல்ற்றையும் அம்பியரையும் அந்தச் சாமான் வேலை செய்துகொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். சும்மா இருக்கும்போது அளந்த எண்ணை வைத்துப் போடும் கணக்கு பெரும்பாலும் பிழைக்கும்.

நான்கு அளவுகள், இரண்டு கணக்குகள்

வோல்ற்று என்பது இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள மின்னழுத்த வித்தியாசம். "இந்த வயரில் எத்தனை வோல்ற்று" என்று கேட்டால், "எதோடு ஒப்பிட்டு" என்று திருப்பிக் கேட்க வேண்டும். அம்பியர் என்பது ஓர் இடத்தினூடாக ஓடுகிற மின்னோட்டம். ஓம் என்பது அந்த ஓட்டத்துக்குச் சாமான் கொடுக்கிற தடை. வாற்று என்பது வலு, அதாவது ஒவ்வொரு செக்கனிலும் செலவாகிற சக்தி.

முதல் இரண்டையும் மீற்றரால் அளக்கிறோம். மற்ற இரண்டும் கணக்கில் வருகின்றன.

தடை = வோல்ற்று ÷ அம்பியர்
வலு = வோல்ற்று × அம்பியர்

இவ்வளவுதான். இந்த இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்தால் இன்னும் இரண்டு கிடைக்கும்.

வலு = அம்பியர் × அம்பியர் × தடை
வலு = வோல்ற்று × வோல்ற்று ÷ தடை

வயர், மூட்டு, பிளக் போன்றவற்றில் எவ்வளவு சூடு பிறக்கிறது என்று பார்க்க முன்னது வசதி. அவற்றினூடாக ஓடும் அம்பியர் நமக்குத் தெரியும். கேத்தில், அயன், ஹீற்றர் போன்றவற்றுக்குப் பின்னது வசதி. அவற்றுக்குக் கிடைக்கும் வோல்ற்று நமக்குத் தெரியும். முக்கோணம் வரைந்து ஒரு மூலையை விரலால் மறைக்கிற முறையைச் சில இடங்களில் சொல்லிக் கொடுக்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. தடைக்கு ஒரு முக்கோணம், வலுவுக்கு இன்னொரு முக்கோணம் என்று வந்ததும் எது எதற்கு என்பதிலேயே பிள்ளைகள் குழம்புகிறார்கள். மேலே உள்ள முதல் இரண்டு வரிகளை விளங்கிக்கொண்டால் மிச்சம் தானாக வரும்.

அலகில் மட்டும் கவனம் வேண்டும். 20 மில்லி அம்பியர் என்றால் கணக்கில் 0.02 அம்பியர். 2 கிலோவாற்று என்றால் 2000 வாற்று. விடை ஆயிரம் மடங்கு பிழைத்தால் காரணம் அநேகமாக இதுதான்.

மேலே உள்ள முதல் கணக்குக்கு அடிப்படையான ஓமின் விதியைக் கண்டவர் கேயோர்க் சீமோன் ஓம், ஜேர்மனியின் கொலோன் நகரில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். 1827 இல் தன் முடிவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். அவருடைய பரிசோதனையில் ஒரு சங்கதி நமக்கும் உதவும். முதலில் அவர் அந்தக் காலத்து வோல்ற்றா கலங்களை வைத்து அளந்தார். மின்னோட்டம் எடுக்க எடுக்க அந்தக் கலங்களின் வோல்ற்று இறங்கிக்கொண்டே போனதால் அளவுகள் நிலையாக நிற்கவில்லை. பிறகு செம்பையும் பிஸ்மத் என்ற உலோகத்தையும் இணைத்து, ஒரு மூட்டைப் பனிக்கட்டியிலும் மற்றதைக் கொதிநீரிலும் வைத்து, அந்த வெப்பநிலை வித்தியாசத்தால் வருகிற மிகச் சிறிய ஆனால் நிலையான வோல்ற்றைப் பாவித்தார். அப்போதுதான் ஒழுங்கு தெரிந்தது. பாரம் ஏறியதும் வோல்ற்று இறங்கும் என்ற பிரச்சினை அன்றைக்கு அவருக்கு இருந்தது. இன்றைக்கு நமது பற்றறிக்கும் இருக்கிறது, பின்னேர நேரத்து லைனுக்கும் இருக்கிறது.

முதல் அளவை: பற்றறியும் ஒரு சிக்னல் பல்பும்

வீட்டு 230 வோல்ற்றில் பழக வேண்டாம். 12 வோல்ற்றுப் பற்றறியில் தொடங்குங்கள். ஓட்டோவிலோ மோட்டர் சைக்கிளிலோ கழற்றிய பற்றறி, 12 வோல்ற்று 10 வாற்று என்று அடித்திருக்கிற இழை பல்ப் ஒன்று, சாதாரண மல்ரி மீற்றர், கொஞ்ச வயர். இவ்வளவும் போதும். எல்இடி பல்ப் வேண்டாம். ஏன் என்பது பிறகு வரும்.

மல்ரி மீற்றரில் கறுப்பு வயரைப் பொதுத் துளையில் (COM) செருகுங்கள், சிவப்பை வோல்ற்றுத் துளையில். குமிழைத் திருப்பி நேரோட்ட (DC) வோல்ற்றில் 20 என்ற இடத்தில் வையுங்கள். பல்பைப் பற்றறியோடு தொடுத்து எரியவிடுங்கள். எரிகிறபோதே பல்பின் இரண்டு முனையிலும் மீற்றரின் ஊசிகளை வையுங்கள். 12.3 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பல்பைக் கழற்றிவிட்டுப் பற்றறியை மட்டும் அளந்தால் 12.6 காட்டலாம். கணக்குக்கு எடுக்க வேண்டியது 12.3.

அடுத்தது அம்பியர். சிவப்பு வயரைக் கழற்றி 10 அம்பியர் என்று போட்டிருக்கிற துளையில் செருகிக் குமிழையும் 10 அம்பியருக்குத் திருப்புங்கள். இப்போது பல்புக்குப் போகிற ஒரு வயரை அறுத்து அந்த இடைவெளியில் மீற்றரைப் போட வேண்டும். மின்னோட்டம் மீற்றரின் உள்ளே போய் வெளியே வர வேண்டும், அதுதான் முறை. வோல்ற்று அளக்கும்போது மீற்றரைப் பக்கவாட்டில் வைத்தோம். அம்பியருக்கு வழியின் நடுவில் வைக்கிறோம். அம்பியர் துளையில் வயர் இருக்கிறபோது ஊசிகளைப் பற்றறியின் இரண்டு முனையிலும் நேரே வைத்துவிடாதீர்கள். அந்த நிலையில் மீற்றரின் தடை பூச்சியத்துக்குக் கிட்ட. பற்றறி தன்னிடமுள்ள முழு ஓட்டத்தையும் அதனூடாகத் தள்ளும். மீற்றரின் பியூஸ் போகும், பியூஸ் இல்லாத மலிவு மீற்றர் என்றால் வயரே உருகும். அளந்து முடிந்த கையோடு சிவப்பு வயரைத் திரும்ப வோல்ற்றுத் துளைக்கு மாற்றுவதைப் பழக்கமாக்குங்கள்.

மீற்றர் 0.84 அம்பியர் காட்டுகிறது. சரி, கணக்கு இப்படி:

தடை = 12.3 ÷ 0.84 = 14.6 ஓம்
வலு = 12.3 × 0.84 = 10.3 வாற்று

பல்பில் 10 வாற்று என்று அடித்திருந்தார்கள், அதோடு ஒத்துப்போகிறது. இனி ஒரு சோதனை செய்து பாருங்கள், இதைப் பார்த்தால் பிறகு மறக்காது. பல்பைக் கழற்றி ஆறவிட்டு, மீற்றரை ஓம் பக்கம் திருப்பி அதன் தடையை நேரே அளவுங்கள். ஒன்றோ ஒன்றரையோ ஓம்தான் காட்டும். மீற்றர் வயர்களுக்கே 0.2, 0.3 ஓம் இருக்கும், அதையும் கழிக்க வேண்டும். 14.6 எங்கே, 1.3 எங்கே?

இரண்டும் சரியான அளவுகள். தங்குதன் இழை சூடாகும்போது அதன் தடை பத்து மடங்குக்கும் கூடுகிறது. ஆறின பல்பின் 1.3 ஓமை வைத்துக் கணக்குப் போட்டால் 9 அம்பியருக்கு மேல், 116 வாற்று என்று வரும். பல்பைப் போடுகிற அந்தக் கண நேரத்துக்கு அவ்வளவு ஓட்டமும் உண்மையாகவே பாயத் தொடங்கும். இழை பல்புகள் சுவிச் போடுகிற நேரத்தில் பியூஸாவதற்கு அதுவும் ஒரு காரணம். நிலையாக எரிகிற நேரத்துக்கு அந்த எண் பொருந்தாது. ஓம் மீற்றர் சொல்வது ஓய்வில் உள்ள தடை. வோல்ற்றையும் அம்பியரையும் அளந்து வகுத்தால் கிடைப்பது வேலையில் உள்ள தடை. வலுவுக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

இந்தக் கணக்கைப் பெயர் தெரியாமலே செய்து பார்த்த ஒரு தலைமுறை நம்மிடம் இருக்கிறது. 1990 களின் முற்பகுதியில் போரால் யாழ் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றறியும் வரவிடப்படவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட வீடுகள் ஏராளம். அந்த டைனமோக்களில் பெரும்பாலும் 6 வோல்ற்று, 3 வாற்று என்று இருக்கும். 3 ஐ 6 ஆல் வகுத்தால் அரை அம்பியர். 6 ஐ 0.5 ஆல் வகுத்தால் 12 ஓம். அதாவது ஏறத்தாழ 12 ஓம் உள்ள பல்பைப் பூட்டினால் அது நன்றாக எரியும். அதைவிடத் தடை குறைந்த ஒன்றைப் பூட்டினால் கூடுதல் ஓட்டம் கேட்கும், டைனமோவால் கொடுக்க முடியாது, வோல்ற்று விழும். சுற்றுகிற கைக்குப் பாரம் ஏறுவதும் தெரியும். வீட்டில் மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், இந்தப் பாரத்தைச் சொல்வார்கள்.

எல்இடிக்குத் தடை போடுவது

12 வோல்ற்றுப் பற்றறியில் ஒரு சின்ன வெள்ளை எல்இடியை எரிக்க வேண்டும். அதற்கு 3 வோல்ற்றும் 20 மில்லி அம்பியரும் காணும். மிச்ச வோல்ற்றை ஒரு தடை எடுத்துக்கொள்ள வேண்டும்: 12.6 இலிருந்து 3 ஐக் கழித்தால் 9.6. அதை 0.02 ஆல் வகுத்தால் 480 ஓம். கடையில் 470 உம் 560 உம் கிடைக்கும். நான் 560 தான் எடுப்பேன். காரணம், பற்றறி சார்ஜில் இருக்கும்போது 14.4 வோல்ற்று வரை ஏறும், அப்போது 11.4 ஐ 560 ஆல் வகுத்தாலும் 20 மில்லி அம்பியர்தான் வருகிறது. அந்த நேரத்தில் தடையில் செலவாகும் வலு 11.4 × 0.02, ஏறத்தாழ 0.23 வாற்று. கால் வாற்றுத் தடை அதன் எல்லையிலேயே நிற்கும், ஆகவே அரை வாற்று வாங்குங்கள். விலையில் பெரிய வித்தியாசமில்லை.

எல்இடிக்கு ஓமின் விதி நேராகப் பொருந்தாது. வோல்ற்றைக் கொஞ்சம் கூட்டினால் அதன் ஓட்டம் பல மடங்கு கூடும். தொடக்கப் பரிசோதனைக்கு அதைத் தவிர்க்கச் சொன்னது அதனால்தான்.

வீட்டு மின்சாரம்: தொடுவதற்கு முன்

230 வோல்ற்றைத் தொட்டால் என்ன நடக்கும் என்பதும் இதே கணக்குத்தான். காய்ந்த தோலோடு உடம்பின் தடை சில ஆயிரம் ஓம் இருக்கலாம். ஈரக் கையும் வெறுங்காலும் என்றால் 1000 ஓமுக்கும் கீழே போகலாம். 230 ஐ 1000 ஆல் வகுத்தால் 0.23 அம்பியர், அதாவது 230 மில்லி அம்பியர். இதயத்தின் ஓட்டத்தைக் குழப்ப அதில் ஒரு பங்கே போதும். வீட்டு றிப் சுவிச்சில் 30 மில்லி அம்பியர் என்று எழுதியிருப்பது இதற்காகத்தான்: லைனில் போன ஓட்டத்துக்கும் நியூற்றலில் திரும்பி வந்த ஓட்டத்துக்கும் அவ்வளவு வித்தியாசம் வந்தால், வெளியே கசிகிறது என்று கண்டு அது வெட்டிவிடும். அதில் உள்ள சோதனைப் பொத்தானை இன்றைக்கே ஒருக்கால் அமத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் வேறு எந்த அளவையும் தொடங்க முன் அதை மாற்றுங்கள். கிணற்றடியில் மோட்டர் வைத்திருக்கிற வீட்டில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

வீட்டு லைனில் அம்பியர் அளக்க மல்ரி மீற்றரை வழியின் நடுவில் போட வேண்டாம். கிளாம்ப் மீற்றர் என்று ஒன்று இருக்கிறது, அதன் வாயைத் திறந்து உறையோடு இருக்கிற வயரைச் சுற்றிப் பிடித்தால் காணும். எதையும் அறுக்க வேண்டியதில்லை. ஒரு வயரை மட்டும் பிடிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் போகிற ஓட்டமும் வருகிற ஓட்டமும் ஒன்றையொன்று அழித்துப் பூச்சியம் காட்டும். புதியவர்கள் பலர் "மீற்றர் பழுது" என்று சொல்வது இந்த இடத்தில்தான்.

கேத்திலின் தடை

கேத்திலின் அடியில் 230 வோல்ற்று, 2000 வாற்று என்று இருக்கிறது. 2000 ÷ 230 = 8.7 அம்பியர். 230 ÷ 8.7 = 26.4 ஓம். கேத்தில் சுருளின் உலோகம் சூட்டுக்குத் தடை பெரிதாக மாறாத கலவை, ஆகவே இந்த 26.4 ஐ நிலையான எண்ணாகவே எடுத்துக்கொள்ளலாம். பல்புக்கும் கேத்திலுக்கும் இதுதான் வித்தியாசம்.

பின்னேரம் ஏழு மணிக்கு ஊர் முழுக்க விளக்குப் போட்டதும் உங்கள் வீட்டில் 200 வோல்ற்றுத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தடை மாறவில்லை. 200 ÷ 26.4 = 7.6 அம்பியர். வலு 200 × 7.6 = ஏறத்தாழ 1515 வாற்று. வோல்ற்று 13 சதவீதம் குறைந்தது, வலு 24 சதவீதம் குறைந்தது. ஓட்டமும் சேர்ந்து குறைவதால் அடி இரண்டு தடவை விழுகிறது. ஒன்றரை லீற்றர் தண்ணீரை 30 பாகையிலிருந்து கொதிக்க வைக்க 2000 வாற்றில் ஏறத்தாழ 3 நிமிடம் 40 செக்கன். 1515 வாற்றில் 4 நிமிடம் 50 செக்கன். செலவாகும் யூனிற் கிட்டத்தட்ட ஒன்றுதான், நேரம்தான் கூடுகிறது. வோல்ற்று குறைந்தால் பில் கூடும் என்று சொல்வதைக் கேத்திலுக்கு நம்ப வேண்டாம்.

இலங்கையில் வீட்டு விநியோகம் 230 வோல்ற்று, அதில் 6 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்பதே அனுமதி. கீழ் எல்லை 216 அளவில் வரும். நாளாந்தம் அதற்குக் கீழே விழுகிறது என்றால், நேரத்தோடு எழுதி வைத்து மின் விநியோக அலுவலகத்துக்கு முறைப்பாடு கொடுங்கள். "டிம்மாக எரியுது" என்பதைவிட "இத்தனை மணிக்கு 198" என்பதற்கு வலிமை கூட.

பிளக் பக்கமும் பார்த்துவிடுவோம். 13 அம்பியர் சதுரப் பின் பிளக்கின் எல்லை 13 × 230, அதாவது 2990 வாற்று. பழைய வீடுகளில் உள்ள 5 அம்பியர் உருண்டைப் பின் இணைப்பின் எல்லை 1150 வாற்று. அதில் அடப்டர் போட்டு 2000 வாற்றுக் கேத்திலைச் செருகுகிறோம். கணக்கில் அது எல்லையைத் தாண்டுகிறது, ஆனால் தீப்பிடிப்பது பெரும்பாலும் தளர்ந்த பின்னில். பின்னும் சொக்கற்றும் இறுக்கமாகத் தொடாமல் அந்த இடத்தில் 0.2 ஓம் தடை மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். 8.7 × 8.7 × 0.2 = 15 வாற்று. ஒரு நெல்மணி அளவு இடத்தில் 15 வாற்று! பிளாஸ்ரிக் மஞ்சளாகி, பிறகு கபிலமாகி, ஒருநாள் புகையும். பிளக்கைக் கழற்றியதும் பின்னைச் சொக்கற்றோடு சேர்த்துப் பார்த்து, கபில நிறம் கண்டால் இரண்டையும் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது புதியதையும் கெடுத்துவிடும்.

கிணற்று மோட்டருக்கு எந்த வயர்

இணுவில், கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கத் தோட்டக்காரருக்கு இதுதான் தலையாய கணக்கு. வீட்டிலிருந்து கிணறு 60 மீற்றர். ஒரு குதிரைவலு மோட்டர், ஓடும்போது 6 அம்பியர் எடுக்கிறது. கடையில் 7/0.53 என்று கேட்டால் தருவது ஒன்றரைச் சதுர மில்லிமீற்றர் வயர், 0.53 மில்லிமீற்றர் தடிப்பில் ஏழு இழைகள். 7/0.67 என்றால் இரண்டரை, 7/0.85 என்றால் நாலு. செம்பு வயரின் தடை ஒரு கிலோமீற்றருக்கு முறையே 12.1, 7.41, 4.61 ஓம்.

ஓட்டம் போய்த் திரும்பி வர வேண்டும், ஆகவே 60 மீற்றர் என்பது கணக்கில் 120 மீற்றர். இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். ஒன்றரை வயரில்: 12.1 × 0.12 = 1.45 ஓம். 6 அம்பியரில் விழும் வோல்ற்று ஆகக் கூடினால் 8.7. வயரில் வீணாகும் வலு 6 × 6 × 1.45 = 52 வாற்று. இது பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் மோட்டர் தொடங்குகிற நேரத்தைப் பாருங்கள். நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும்போது அது ஓடும் ஓட்டத்தைப் போல ஐந்து மடங்கு அளவில் எடுக்கும், 30 அம்பியர். 30 × 1.45 = 43 வோல்ற்று. மீற்றர் பெட்டியில் 205 இருந்தால் கிணற்றடியில் 162 வரை விழலாம். மோட்டரின் தொடக்க முறுக்கம், அதாவது சுழலத் தொடங்கும்போது அது சுற்றுகிற பலம், வோல்ற்றின் வர்க்கத்தோடு போகிறது. 162 இல் அது 230 இல் இருப்பதன் அரைவாசிதான். மோட்டர் முனகிக்கொண்டு நிற்கும், சுழலாது. சுழலாத மோட்டர் அந்தப் பெரிய ஓட்டத்தை விடாமல் எடுத்துக்கொண்டே இருக்கும், சுருள் எரியும்.

அதே இடத்தில் நாலு சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால்: 4.61 × 0.12 = 0.55 ஓம். தொடக்கத்தில் விழுவது 17 வோல்ற்றுக்குள். கிணற்றடியில் 188, முறுக்கம் மூன்றில் இரண்டு பங்கு. ஓடும்போது வயரில் வீணாவது 20 வாற்றுத்தான். இரண்டரை வயர் நடுவில் நிற்கும். பின்னேரம் 205 வரை விழுகிற ஊரில் 60 மீற்றருக்கு நாலு போடுங்கள் என்பதே என் அபிப்பிராயம். வயருக்குக் கொடுக்கிற மேலதிகக் காசு, சுருள் ஒருதரம் சுற்றக் கொடுக்கிற காசோடு ஒப்பிட்டால் நியாயமானது.

ஏற்கெனவே போட்ட வயர் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதும் இதே கணக்கு. இதற்கு மோட்டரைப் பாரமாக வைக்க வேண்டாம். மோட்டரில் வோல்ற்றும் ஓட்டமும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதில்லை, அதனால் கழித்தல் கணக்கு அங்கே சரியாக வராது. கிணற்றடிப் பிளக்கில், தரை காய்ந்திருக்கும் நேரத்தில், தண்ணீர் நிரப்பிய கேத்திலைச் செருகுங்கள். லைனோடு செய்யும் அளவை இது. அனுபவமுள்ள மின்வேலைக்காரர் ஒருவர் கூட இருக்க வேண்டும். கேத்தில் ஓடும்போது மீற்றர் பெட்டியில் 224 வோல்ற்று, கிணற்றடியில் 206 வோல்ற்று, கிளாம்ப் மீற்றரில் 7.8 அம்பியர் என்று கண்டால்:

வயரில் விழுந்தது 224 − 206 = 18 வோல்ற்று
வயரின் தடை 18 ÷ 7.8 = 2.3 ஓம்

ஒன்றரை வயருக்கு 1.45 தான் இருக்க வேண்டும். மிச்சம் 0.85 ஓம் எங்கேயோ ஒளிந்திருக்கிறது. அநேகமாக ஒரு மூட்டு: பச்சை பிடித்த செம்பு, முறுக்கி ரேப் சுற்றிய இடம், இறுகாத ஸ்குறூ. அதில் பிறக்கும் சூடு 7.8 × 7.8 × 0.85, ஏறத்தாழ 52 வாற்று. மெயினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு மூட்டாகத் தேடினால் எதன் உறை கருகியிருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். வயர் முழுவதையும் மாற்றத் தேவையில்லை, மூட்டைத் திருத்தினால் போதும். ஓம் மீற்றரால் இதைப் பிடிப்பது கடினம். சிறிய ஓட்டத்தில் அந்த மூட்டு நல்ல மூட்டுப் போலவே நடிக்கும். பாரம் ஏறினால்தான் அதன் குணம் தெரியும்.

மோட்டரின் வாற்று

225 வோல்ற்று, 6 அம்பியர் என்று அளந்து பெருக்கினால் 1350 வரும். மோட்டருக்கு இதை வாற்று என்று சொல்லக் கூடாது. மேலே சொன்ன அதே காரணம்: வோல்ற்றும் ஓட்டமும் ஒத்து நடப்பதில்லை. இந்த எண்ணை வலுக்காரணியால், அதாவது இரண்டும் எவ்வளவு ஒத்து நடக்கின்றன என்று காட்டும் எண்ணால், பெருக்க வேண்டும். மோட்டரின் தகட்டில் அது 0.8 என்று இருந்தால் உண்மையான வலு 1080 வாற்று. அதில் 746 வாற்று, அதாவது ஒரு குதிரைவலு, தண்ணீர் இறைக்கப் போகிறது. மிச்சம் பெரும்பாலும் சூடாகப் போகிறது. அதேபோல 225 ஐ 6 ஆல் வகுத்து வருகிற 37.5 ஓம் சுருளின் தடை அல்ல. நின்ற மோட்டரின் சுருளை ஓம் மீற்றரால் அளந்தால் சில ஓம்தான் காட்டும், அதைக் கண்டு பழுது என்று பயப்படவும் வேண்டாம். பெருக்கலும் வகுத்தலும் நேராகப் பொருந்துவது நேரோட்டத்துக்கும், கேத்தில், அயன், இழை பல்ப் போன்ற சூடாகும் சாமான்களுக்கும்.

விடையைச் சரிபார்க்க

கிளாம்ப் மீற்றர் இல்லாதவருக்கும் ஒரு வழி இருக்கிறது. வீட்டு மின்மானியில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். ஒரு கிலோவாற்று மணித்தியாலத்துக்கு, அதாவது ஒரு யூனிற்றுக்கு, எத்தனை மின்னல் என்பது அதன் முகப்பில் அடித்திருக்கும். 1600 என்று எடுத்துக்கொள்வோம். பிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கேத்திலை மட்டும் போடுங்கள். ஒரு நிமிடத்தில் 46 மின்னல் என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு 2760. அதை 1600 ஆல் வகுத்தால் 1.725 கிலோவாற்று, அதாவது 1725 வாற்று.

அதே நேரத்தில் பிளக்கில் 214 வோல்ற்று இருந்தது என்றால், 214 × 214 ÷ 26.4 = 1735 வாற்று. கிளாம்ப் மீற்றர் கிடைத்து அதில் 8.1 அம்பியர் கண்டால், 214 × 8.1 = 1733 வாற்று. மூன்று வழியிலும் விடை ஒன்றுக்கொன்று கிட்ட நிற்கிறது. மின்மானிக் கணக்கு மட்டும் நூறு, இருநூறு வாற்றுக் கூடுதலாக வந்தால் எங்கேயோ ஒரு சாமான் இன்னும் ஓடுகிறது, தேடிப் பாருங்கள். கிளாம்ப் மீற்றரின் விடை மட்டும் மற்ற இரண்டையும் விட மிகக் குறைந்தால் பெரும்பாலும் அதன் வாய் முழுதாக மூடவில்லை. திறந்து, இன்னொருதரம் ஒற்றை வயரில் சரியாகப் பிடித்து அளவுங்கள்.